பொதுத் தடாகம் நம்பர் பத்தொன்பது

மதுரையில் மனு எழுதுகிறவர்களுக்குள் அழகுமலையை மிஞ்ச ஆள் இல்லை என்று அழகுமலையே பலமுறை சொல்லியிருக்கிறார். கலெக்டர் கச்சேரி வாசலில், வேப்பமரத்தடியில், ஒரு சாய்வு மேசையும் தகரப் பெட்டியுமாக அவர் உட்கார ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒருவனுக்கு ஓர் ஆடு காணாமல் போனால் அவர் மனுவில் மந்தையே காணாமல் போகும். வரப்பு ஒரு சாண் தள்ளியிருந்தால் வயலே இடம் பெயர்ந்திருக்கும். "ஒத்த ஆட்டக் காணோம்னு எழுதினா எந்த ஆபீசருப்பா தலையத் தூக்கிப் பாப்பாரு?" என்பார். மனு எழுத வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அத்தனை வருஷத்தில் தனக்கென்று அவர் ஒரு மனுகூட எழுதிக்கொண்டதில்லை. அப்படியே இருந்திருக்கலாம்.

அவருடைய வீடு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போகிற சாலையில் இருந்தது. வீட்டின் பக்கவாட்டில், கிணற்றை ஒட்டி, ஒரு கல் தொட்டி. பத்தடி நீளம், ஆறடி அகலம், இடுப்பளவு ஆழம். இறைத்து நிரப்பினால் வீட்டில் உள்ளவர்கள் ஒரு வாரம் குளிக்கலாம். அந்தத் தெருவில் முதன்முதலாகக் கரண்டு இழுத்தவர் அழகுமலைதான். வேறு யாராவது என்றால் பல்பைக் கூடத்தில் மாட்டியிருப்பார்கள். கூடத்தில் மாட்டினால் சாலையில் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? ஆகவே தொட்டியருகில் ஒரு கம்பத்தை நட்டு, சுவருக்கு மேலே தெரிகிற உயரத்தில் மாட்டினார். தண்ணீரில் வெளிச்சம் விழுந்து ஒரு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

தை மாதத் தெப்பத் திருவிழா முடிந்து குளத்தில் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் பூச்சிகள் வந்தன. கட்டைவிரல் நீளம், சருகு நிறம், முன்னங்கால் இரண்டும் இடுக்கி மாதிரி. பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டதும் விர்ரென்று பறந்து வந்து பல்பில் முட்டித் தொட்டிக்குள் விழும். விழுந்தவை அங்கேயே குடித்தனம் நடத்தும். காலை விட்டால் கடிக்கும்.

"வெளிச்சத்துக்குத்தான் வருதுக. அந்த லைட்ட அணைச்சுப்புட்டு, தொட்டிய ஒருவாட்டி வடிச்சுக் கழுவிச் சுண்ணாம்பு அடிச்சா போயிரும்" என்றாள் அவர் மனைவி முத்துத்தாய்.

"லைட்ட அணைக்கிறதுக்கா கரண்டு இழுத்தேன்?" என்றார் அழகுமலை.

இப்படியே மாசி கழிந்தது. ஆனால் பங்குனி பிறந்ததும் சமயநல்லூரிலிருந்து சம்பந்தியம்மாள் ஜெயக்கொடி வந்தாள். அழகுமலையின் ஒரே மகள் அன்னக்கொடிக்கு ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்ப நாள் குறிக்க வந்தவள், வெயிலில் வந்த களைப்புக்குக் காலைக் கழுவலாம் என்று தொட்டிக்குள் ஒரு காலை விட்டாள். அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பெருவிரல் கொழுக்கட்டையாக வீங்கியது.

"அண்ணே, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல" என்றாள் வண்டி ஏறும்போது. "பச்ச ஒடம்புக்காரி குளிக்கிற எடம். மொத பூச்சிய ஒழிச்சுட்டுச் சொல்லியனுப்புங்க. பெறகு புள்ளைய அனுப்புறேன்."

முத்துத்தாய் வாளியைத் தேடினாள். அழகுமலை தடுத்துவிட்டார். சம்பந்தி வீட்டார் முன்னால் தலை குனிந்தாகிவிட்டது. குனிந்த தலையை வாளியால் நிமிர்த்த முடியுமா? நகரத்தில் ஜலசுகாதார போர்டு என்று ஒன்று இருந்தது. ஊரில் உள்ள குளம், குட்டை, ஊருணிகளின் ஆரோக்கியத்துக்காக ஏற்பட்டது. ஒரு மாடி, மூன்று அறை, பதினோரு சிப்பந்திகள், மேசை மேல் ஒரு மணி. மணியை அடித்தால் பதினோரு பேரில் யார் எழுந்து வருவது என்பது பற்றியே அங்கே ஒரு பைல் நடந்துகொண்டிருந்தது. சர்க்கார் ஆளே வந்து பூச்சியை ஒழித்துவிட்டுப் போனார் என்று சமயநல்லூருக்குச் சொல்லியனுப்பினால் எப்படி இருக்கும்!

ஒரே ஒரு இடைஞ்சல். போர்டு பொது நீர்நிலைகளைத்தான் கவனிக்கும், வீட்டுத் தொட்டியைக் கவனிக்காது. அழகுமலை இதைவிடப் பெரிய இடைஞ்சல்களையெல்லாம் தாண்டியவர். பேனாவைத் தொட்டு எழுதினார்:

"தாழ்மையுடன் எழுதிக்கொண்ட மனு என்னவென்றால், வண்டியூர்ச் சாலைக்கு வடபுறம், திரளான ஜனங்கள் நீராடி வருகிற புராதனத் தடாகத்தில், கைமுழ நீளமுள்ள ஜந்துக்கள் பல்லாயிரம் பெருகி, ஸ்திரீகளையும் சிசுக்களையும் தீண்டி, ஊரே காலியாகும் தறுவாயில் இருப்பதால்..."

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு மனு அமையவில்லை.

பத்தாம் நாள் போர்டு இன்ஸ்பெக்டர் பேயாண்டி சைக்கிளில் வந்தார். தலையில் தொப்பி, தோளில் அளவுச் சங்கிலி.

"தடாகம் எங்கய்யா?"

"இதுதாங்க."

பேயாண்டி தொட்டியைப் பார்த்தார். மனுவைப் பார்த்தார். மறுபடி தொட்டியைப் பார்த்தார்.

"இதுவா?"

உண்மையைச் சொல்ல அதுதான் சமயம். அழகுமலை வாயைத் திறக்கவும் செய்தார். திறந்த வாயில் தொழில் முந்திக்கொண்டது.

"கோடைக்குச் சுருங்கியிருக்குங்க."

பேயாண்டி தலையை ஆட்டினார். அவர் பார்த்த குளம் எல்லாமே கோடைக்குச் சுருங்குகிறவைதாம். சங்கிலியைப் பிடித்து அளந்தார், குனிந்து பூச்சிகளை எண்ணினார். அறுபத்திரண்டு. நோட்டில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்.

"விசாரணை முடியிற வரைக்கும் தண்ணிய வடிக்கப்படாது, பூச்சிய அடிக்கப்படாது. இம்புட்டும் போர்டு சாட்சி."

"சாட்சி கடிக்குதுங்களே?"

"கடிச்சா நல்லதுதான். என்னைக்கு, எந்நேரம், எந்த வெரலுன்னு குறிச்சு வச்சுக்கங்க."

மறுநாள் இரண்டு சிப்பந்திகள் வந்து சாலையைப் பார்க்க ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். 'பொதுத் தடாகம் நம்பர் 19. இதில் மாடு குளிப்பாட்டக் கூடாது.' அதுவரை அங்கே ஒரு தடாகம் இருக்கிற சங்கதி யாருக்கும் தெரியாது. தெரிந்த மறுநாள் காலையில் நான்கு எருமைகள் வந்தன. முத்துத்தாய் விளக்குமாற்றோடு அவற்றைச் சாலை வரை விரட்டிவிட்டுத் திரும்பினால், அடுத்த வீட்டு ஜட்காக்காரர் நைனா முகமது தம் குதிரையோடு நின்றார்.

"நீங்களுமா, பாய்?" என்றார் அழகுமலை.

"பலகையில மாடுன்னுதானண்ணே போட்டிருக்கு. குதிரையப் பத்தி ஒண்ணும் காணமே?" என்றார் நைனா முகமது, சிரிக்காமல். "கோவிச்சுக்கிறாதீங்க. அந்த வெளக்க அணைச்சுப் பாத்தீகளா?"

"எல்லாரும் அதையே சொல்லுங்க" என்று அழகுமலை உள்ளே போய்விட்டார்.

பிறகு மனிதர்கள் வர ஆரம்பித்தார்கள். சந்தைக்கு வந்தவர்கள், கோர்ட்டுக்கு வந்தவர்கள், சும்மா வந்தவர்கள். திருவாதவூர் விவசாயி ஒருவர் தொட்டியில் இறங்கி முழுகி எழுந்து, தலை துவட்டிக்கொண்டே அழகுமலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா தடாகம் இது? படித்துறை இல்ல, ஒரு நெழல் இல்ல. சுத்துப்பட்டுல குடியிருக்கிறவுகளுக்கு அக்கற வேணாமா? யாராவது நல்லா மனு எழுதுறவுக இருந்தாச் சொல்லுங்க, ஒண்ணு எழுதிப் போட்டுட்டுப் போறேன்."

அழகுமலையின் கை தானாகத் தகரப் பெட்டியைத் திறந்தது. தன் வீட்டுத் தொட்டிக்கு மூன்று பக்கமும் படித்துறை வேண்டும் என்று, ஏழு காரணங்களோடு, அவரே எழுதிக் கொடுத்தார். அந்த மனுவும் நன்றாகத்தான் அமைந்தது. அன்று சாயந்தரம் முத்துத்தாய் அவருக்குச் சோறு போட்டாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

சித்திரையில் போர்டுத் தலைவர் முத்திருளன் நேரில் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அன்றைக்கு முத்துத்தாயும் பேச ஆரம்பித்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. தலைவர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் யாருக்குத்தான் ஆசை இராது? பெட்டியிலிருந்து கூறைப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். நாற்காலி, பூமாலை, பன்னீர், நாதஸ்வரம். தலைவர் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று பேசினார்.

"சகோதரர்களே! நான் இந்தப் பதவிக்கு வந்த அன்று நமது போர்டில் பூச்சியைப் பற்றி ஒரு பைல் கூடக் கிடையாது. இன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பைல்கள் இருக்கின்றன. இது சும்மா வந்த வளர்ச்சியா? பூச்சியை ஒழியுங்கள், ஒழியுங்கள் என்கிறார்கள். ஒழிப்பது ஒரு பெரிய காரியமா? வீட்டில் இருக்கிற ஒரு பெண்பிள்ளை ஒரு வாளியை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானத்தில் ஒழித்துவிடுவாள். அதற்கு எதற்கு ஒரு போர்டு? எதற்கு ஒரு தலைவர்? ஆகவேதான் நாங்கள் அவசரப்படுவதில்லை. இதே தடாகத்தில் போன மாதம் அறுபத்திரண்டு பூச்சிகள்தாம் இருந்தன. நாங்கள் பொறுப்பு ஏற்றுக்கொண்ட பிறகு முன்னூற்று நாற்பது!"

கூட்டம் கை தட்டியது. அழகுமலையும் தட்டினார். நல்ல வாக்கியம் எங்கே கேட்டாலும் அவருக்குக் கை தட்டாமல் இருக்க முடியாது. முத்துத்தாய் மட்டும் 'ஒரு மத்தியானம்' என்று முணுமுணுத்தாள்.

தலைவர் புறப்படும் முன் ஓர் உத்தரவும் போட்டார். பூச்சிகளைக் கண்காணிக்க வெளிச்சம் போதவில்லையாம். இரண்டே நாளில் தொட்டியின் இன்னும் இரண்டு மூலைகளில் இரண்டு கம்பம், இரண்டு பெரிய பல்பு. அன்று பொழுது சாய்ந்ததும் தெப்பக்குளத்தில் மிச்சமிருந்த பூச்சிகளும் கிளம்பி வந்துவிட்டன. தொட்டித் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை.

சித்திரை முடிகிற சமயம் சமயநல்லூரிலிருந்து அன்னக்கொடியின் கடுதாசி வந்தது. "அப்பா, எனக்கு ஒன்பது மாதம் பிறந்துவிட்டது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் நீங்கள்தான் என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன். பூச்சி போய்விட்டதா? போகாவிட்டால் பரவாயில்லை, நான் கிணற்றடியில் குளித்துக்கொள்கிறேன். அத்தையிடம் போய்விட்டது என்று மட்டும் எழுதிவிடுங்கள்."

அழகுமலை கடுதாசியை இரண்டு தரம் படித்தார். ஊரார் பெண்டுபிள்ளைகளுக்காக அத்தனை உருக்கமாக எழுதியவர், பெற்ற பெண் நாலு வரியில் கேட்டதற்குப் பதில் எழுத வகையில்லாமல் உட்கார்ந்திருந்தார். வெட்கமாக இருந்தது. எழுந்து நேரே போர்டு ஆபீசுக்குப் போய், தலைமை குமாஸ்தா தவசியிடம் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

"எந்த மனு? பத்தொம்பதாம் நம்பரா?" தவசி எழுந்தே நின்றுவிட்டார். "அத எப்புடி வாபஸ் வாங்குவீக? நகல் எடுத்துப் பதினோரு பேருக்கும் குடுத்திருக்கோம். மனுன்னா இப்புடி இருக்கணும்னு தலைவரு கண்ணாடி போட்டுச் சொவத்துல மாட்டியிருக்காரு. அங்க பாருங்க."

அழகுமலை பார்த்தார். கண்ணாடிக்குள் தம் எழுத்து அழகாக இருப்பதாக ஒரு நிமிஷம் தோன்றியதையும் மறைப்பதற்கில்லை.

"அது தடாகம் இல்லீங்க. எங்க வீட்டுத் தொட்டி."

"அதையும் எழுத்துல குடுங்க."

கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி எழுதினார். 'அது என் வீட்டுத் தொட்டி. பத்தடிக்கு ஆறடி. பூச்சி விளக்குக்கு வருகிறது. நான் எழுதியது தவறு. மன்னிக்கவும்.' நான்காம் நாள் பதில் வந்தது:

"உமது இரண்டாம் மனு முதல் மனுவுடன் ஒப்பிட்டுப் பரிசீலிக்கப்பட்டது. முதல் மனு காரணங்கள் நிறைந்ததாயும் நடை கம்பீரமாயும் இருக்க, இரண்டாம் மனு விவரமறியாத யாரோ எழுதியதாகத் தெரிவதால் தள்ளப்படுகிறது. மனு எழுதுவதில் தேர்ந்த ஒருவரை அணுகவும். மேலும் புராதனமான பொதுத் தடாகத்தை நீர் சொந்தத் தொட்டி என்று உரிமை கொண்டாடுவதிலிருந்து, அதன் கரையில் அத்துமீறி வீடு கட்டியிருப்பது உம் வாயாலேயே வெளியாகிறது. பதினைந்து தினங்களுக்குள் வீட்டை அப்புறப்படுத்த வேண்டியது."

"விவரமறியாத யாரோவாம்!" என்று கத்தினார் அழகுமலை. "தேர்ந்த ஒருவரை அணுகணுமாம்! எனக்கு!"

"அதுக்குக் கீழ என்ன போட்டிருக்கு?" என்றாள் முத்துத்தாய்.

"கீழ... வீட்ட இடிக்கச் சொல்லியிருக்கான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. முத்துத்தாய் கடுதாசியை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு பக்கமும் பார்த்து, அடுப்பில் போட்டாள்.

"எம் மக வீட்டுல பெறணுமா, தடாகத்துக் கரையில பெறணுமா? தலைவருதான் வழி சொல்லிட்டுப் போயிருக்காருல்ல, ஒரு மத்தியானம்னு? வாளிய எடுங்க."

"போர்டு உத்தரவு இருக்கு புள்ள..."

"நீங்க எடுக்காட்டி நான் எடுக்கேன்."

எடுத்தாள். நைனா முகமது ஜட்காவில் ஒரு மூட்டைச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து இறக்கினார். போர்டு போட்ட இரண்டு பல்பையும் கழற்றி வண்டி வைக்கோலில் பத்திரமாகப் பொதிந்து வைத்தார். தம்முடைய பல்பை மட்டும் அழகுமலை கழற்ற விடவில்லை. அணைத்து வைத்தால் போதாதா என்று கெஞ்சினார். முத்துத்தாய் தொட்டியின் மடைத்துளையில் அடைத்திருந்த துணியைப் பிடுங்கினாள். தண்ணீர் வாழைக்குப் பாய்ந்தது. மிச்சத்தை வாளி வாளியாக மொண்டு வீசினாள். நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அழகுமலைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கிய ஐந்தாம் நிமிஷத்தில் இடதுகால் சுண்டுவிரலை ஒரு சாட்சி கடித்தது. அவர் அதைக் குறித்து வைக்கவில்லை. நாலு மணிக்கெல்லாம் தொட்டி வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பு பூசிக் காய்ந்துகொண்டிருந்தது. செத்த பூச்சிகளைக் கோழிகள் பார்த்துக்கொண்டன.

மறுநாள் காலையில், மாதாந்திரக் கணக்கெடுப்புக்குப் பேயாண்டி வந்தார். அழகுமலை தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தடாகம் எங்கய்யா?"

"வறண்டுருச்சுங்க."

"ஒரே மாசத்துலயா?"

"இந்த வருச வெயில் அப்புடிங்க."

பேயாண்டி தொப்பியைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அது சரியாகவே பட்டது.

"பூச்சி?"

"தண்ணியில்லாம எங்கிட்டுங்க இருக்கும்?"

"அது இல்லய்யா. தன்னால அழிஞ்சுச்சா, போர்டு நடவடிக்கையால அழிஞ்சுச்சா?"

அழகுமலை முத்துத்தாயைப் பார்த்தார். அவள் கதவருகில் நின்று வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையும் சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்திருந்தன.

"போர்டு நடவடிக்கையாலதாங்க."

பேயாண்டியின் முகம் மலர்ந்துவிட்டது. போர்டு ஏற்பட்ட ஆறு வருஷத்தில் அதுதான் முதல் பூச்சி ஒழிப்பு. தடாகமே இல்லாதபோது கரை ஏது, கரை இல்லாதபோது அத்துமீறல் ஏது என்று தம் பையிலிருந்த வீட்டு நோட்டீசின் நகலையும் அங்கேயே குறுக்கே அடித்துக் கொடுத்தார். பலகையைப் பிடுங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தயங்கி நின்றார்.

"ஒரு ஒத்தாசை. தலைவரு இதுக்கு அறிக்கை கேப்பாரு. எங்க ஆபீசுல பதினோரு பேருல ஒருத்தருக்கும் எழுத வராது. அந்த மொத மனுவ எழுதினாரே, அவரு யாருன்னு தெரியுமா?"

அழகுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாந்தாங்க" என்றார்.

எட்டாம் நாள் நைனா முகமதுவின் ஜட்காவில் அன்னக்கொடி வந்து இறங்கினாள். கூட வந்த ஜெயக்கொடி முதலில் ஒரு குச்சியையும், பிறகு ஒரு விரலையும் மறுபடி நிரப்பிய தொட்டியில் விட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள். வைகாசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அழகுமலை வாசலில் நின்று அழுதார். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

குழந்தை பிறந்த பதினாறாம் நாள் சாயந்தரம் போர்டுக்கான அறிக்கை எழுதி முடிந்தது. உள்ளே தாயும் பிள்ளையும் தூங்கினார்கள். அழகுமலை நெடுநாளைக்குப் பிறகு தொட்டிக்கு மேலே இருந்த தம் விளக்கைப் போட்டார். அதன் கீழே முக்காலியில் உட்கார்ந்து, குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்த முத்துத்தாய்க்குப் படித்துக் காட்டினார். பல்லாயிரம் ஜந்துக்கள், தலைவர் அவர்களின் தளராத ஊக்கம், விஞ்ஞான முறைகள், நாற்பது நாள் போராட்டம். குரல் ஏறி இறங்கியது. பத்துப் பக்கம்.

கேட்டு முடித்து முத்துத்தாய் துணியைப் பிழிந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல நான் எங்கிட்டு இருக்கேன்?"

அழகுமலை பக்கங்களைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"நாலாம் பக்கத்துல ஒரு வாளி வருது."

"யாரு வாளி?"

"'போர்டு வாளி'ன்னு போட்டிருக்கேன்" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. "அப்படிப் போட்டாத்தான் எடுபடும் புள்ள."

சுவருக்கு அப்பால், தெப்பக்குளத்துப் பக்கமிருந்து, விர்ரென்று ஒரு சத்தம் கிளம்பியது. முத்துத்தாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவரைத் தாண்டிப் போய் விளக்கை அணைத்தாள். உள்ளே பிள்ளை ஒருமுறை சிணுங்கிவிட்டு மறுபடி தூங்கிப்போனது. அழகுமலை பத்துப் பக்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். இருட்டில் அவர் எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. பூச்சியும் ஒன்றுகூட வரவில்லை.